மின்புத்தக ரீடரில் மார்ஜினைக் குறைத்தும் புத்தகத்தின் ஓரம் குறையவில்லையே, ஏன்?

நானும் இதில் இரண்டு இரவு மினக்கெட்டவன். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ், ஒரு கையில் கம்பி, மறு கையில் ஆறு அங்குல ரீடர். வரிக்கு மூன்று சொல்தான் விழும். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ மாதிரி ஒன்று வந்தால் வரியே அதுதான். தமிழுக்கு ஓரம் வீணாவது அவ்வளவு இடிக்கும்.

விஷயம் இதுதான். ரீடர் அமைப்பில் நீங்கள் குறைப்பது ரீடரின் ஓரத்தை மட்டும். இபப் என்ற மின்புத்தகக் கோப்புக்குள் பதிப்பித்தவர் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்துக்கான விதிகள்) எழுதிய ஓரம் தனி, அது அப்படியே கிடக்கும். கணினியில் மின்புத்தகங்களைத் திருத்தவும் மாற்றவும் உதவும் காலிபர் மென்பொருளில் ‘எடிட் புக்’ போட்டு என் புத்தகத்தைத் திறந்தால் பாடிக்கு (முழு உரைக்கும்) 5 சதவீத ஓரம், அதற்குள் ஒரு டிவ்வுக்கு (உரையின் ஒரு பகுதியை அடைக்கும் பெட்டி) 2 எம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கூடும். எம் என்பது எழுத்தின் அளவோடு வளரும் அலகு. எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரமும் சேர்ந்து பெருத்தால் கள்ளன் எம்தான்.

ரீடரில் கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலி போட்டிருந்தால் ‘ஸ்டைல் ட்வீக்ஸ்’ மெனுவில் அந்தப் புத்தகத்துக்கு மட்டும் விதி எழுதலாம். பாடிக்கு இடது வலது மார்ஜின் 0, பேடிங் (உள் இடைவெளி) 0. ஒவ்வொன்றின் முடிவிலும் ஆச்சரியக்குறியோடு ‘இம்போர்ட்டன்ட்’ சேருங்கள், இல்லாவிட்டால் பதிப்பித்தவரின் விதியே வென்றாலும் வெல்லும். பிறகு அந்த டிவ்வின் கிளாஸ் பெயருக்கும் (கோப்பில் அதற்கு வைத்திருக்கும் அடையாளப் பெயர்) அதே விதி.

முதல் நாள் நான் சோம்பலில் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றுக்கும் மார்ஜின் 0 என்று எழுதினேன். கவிதை வரிகளின் உள்தள்ளல் போச்சு, தலைப்பு பந்தியோடு ஒட்டிக்கொண்டது, மேற்கோள் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. மேல் கீழ் ஓரத்தில் கை வைக்காதீர்கள்.

கிண்டில் வைத்திருந்தால் சாதனத்தில் விதி எழுத வழியில்லை. காலிபரில் கிண்டிலுக்கான கோப்பாக மாற்றும்போது ‘எக்ஸ்ட்ரா சிஎஸ்எஸ்’ பெட்டியில் இதையே போட்டு அனுப்புங்கள்.

நூலகம் என்ற இலங்கைத் தமிழ் மின்னூலகத் தளத்திலிருந்து இறக்கிய ஸ்கேன் பிடிஎஃப் என்றால் இந்தக் கதை எதுவும் சரி வராது. அதில் இருப்பது வெறும் படம். கேஓரீடரில் ஓரத்தை வெட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டு விடுங்கள்.