ஊரடங்கில் வீட்டிலேயே இருந்த நாட்களில் உங்களுக்குக் கிடைத்த சின்னச் சின்ன சந்தோஷங்கள் என்ன? யாருக்கு நன்றி சொல்வீர்கள்?

எங்கள் வீடு மதுரை செல்லூரில் இருக்கிறது. 2020 மார்ச்சில் வீட்டில் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், அத்தை, பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள். நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மார்ச் 24ஆம் தேதி சாயங்காலம் கடையைப் பூட்டியதோடு என் வேலை நின்றது. அவருக்கு லேத் பட்டறையில் வேலை. அதுவும் நின்றது.

சந்தோஷத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் பயத்தை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மார்ச் 25ஆம் தேதி மதுரையில்தான் நடந்தது. அத்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு. தெருவில் யாராவது இருமினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவிய காலம் அது. எங்கள் பக்கம் எப்போதும் கேட்கும் ரயில் சத்தமும் நின்றுபோனதில் ராத்திரி நேரம் இன்னும் நீளமாகத் தெரிந்தது.

முதல் சில நாட்கள் எல்லோரும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். எத்தனை பேருக்கு வந்தது, எந்தத் தெருவை அடைத்தார்கள் என்று அதையே பார்த்துக்கொண்டு. அத்தைதான் ஒருநாள் டிவியை நிறுத்திவிட்டு, "ஏம்மா, சித்திரை வெயில் சும்மா போகுது. கூழ் வடகம் போட்ருவோமா?" என்று கேட்டார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் வடகத்தைக் கடையில்தான் வாங்குவேன். வேலைக்குப் போகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அந்த வருஷம் நேரத்துக்குப் பஞ்சமில்லை. ரேஷனில் வாங்கிய பச்சரிசியை ஊறவைத்து மாவாக அரைத்துக்கொண்டோம். ராத்திரியே பெரிய அலுமினியக் குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, முதலில் ஜவ்வரிசி, அது வெந்து கண்ணாடி மாதிரி ஆனதும் மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டினோம். கை ஓயக் கூடாது, ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். அதனால் நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறிக் கரண்டியைப் பிடித்தோம். பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்த விழுது, சீரகம், பெருங்காயம். கடைசியில் இறக்கி ஆறவிட்டு எலுமிச்சம்பழம். கூழில் உப்பு ஒரு மட்டு குறைவாகவே இருக்க வேண்டும் என்றார் அத்தை. காய்ந்து சுருங்கும்போது உப்பு தூக்கிக் காட்டுமாம். இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு இதெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

விடிவதற்கு முன்னால் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். மாமாவின் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, கூழைக் கரண்டியால் எடுத்து வட்ட வட்டமாக விடுவோம். வெயில் ஏறும் முன் வேட்டி நிறைந்துவிடும். காக்காய்க்குக் காவல் என் மகள். கறுப்புக் குடையை விரித்து ஓரமாகக் கவிழ்த்துவிட்டு, நிழலில் சமூக அறிவியல் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாள். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்து எடுத்து மறுபடி காயவைப்பது.

முழுக்கக் காய்ந்த வடகத்தை எண்ணெயில் பொரித்தால் ருசி, சரி. ஆனால் பாதி காய்ந்திருக்கும்போது எடுத்துத் தின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே மொறுமொறுவென்று தோல் கட்டியிருக்கும், உள்ளே இளசாக, புளிப்பும் உறைப்புமாக இருக்கும். அத்தை இதற்கென்றே வேட்டியின் ஒரு ஓரத்தில் தனி வரிசை போட்டு வைப்பார். "அது திருடுறவங்களுக்கு" என்பார். மதியம் போய்ப் பார்த்தால் அந்த வரிசை காலியாக இருக்கும். மகள் மட்டும் தின்றிருக்க மாட்டாள், என் வீட்டுக்காரருக்கும் அதில் பங்கு இருந்தது. பயந்துகொண்டே இருந்த அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது பெரும்பாலும் மாடியில்தான்.

மகளுக்கு மார்ச் 27ஆம் தேதி பொதுத்தேர்வு தொடங்க வேண்டியது. தள்ளிப்போட்டார்கள். அப்புறம் ஜூன் 1 என்றார்கள், அப்புறம் ஜூன் 15. அதே பாடத்தை அவள் எத்தனை முறை திருப்பினாள் என்று கணக்கில்லை. ஜூன் 9ஆம் தேதி தேர்வு ரத்து, எல்லோரும் பாஸ் என்று அறிவிப்பு வந்ததும் சிரிப்பாள் என்று பார்த்தேன், அழுதாள். படித்ததெல்லாம் வீணாகிவிட்டதாக அவளுக்கு வருத்தம். அதற்கு நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நேரம் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது சாதாரண நாட்களில் என்னால் முடிந்திருக்காது. அதையும் நான் சந்தோஷத்தில்தான் சேர்ப்பேன்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த வருஷம் சித்திரைத் திருவிழா ரத்து. தேர் ஓடவில்லை, அழகர் ஆற்றில் இறங்கவில்லை. வைகைக்கு இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை மட்டும் மே 4ஆம் தேதி பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நடத்தி நேரலையில் காட்டினார்கள். என் வீட்டுக்காரருடைய செல்போனைச் செம்பில் சாய்த்து வைத்து, விளக்கேற்றி, எல்லோரும் குளித்துவிட்டு உட்கார்ந்தோம். அங்கே அம்மனுக்குத் திருமாங்கல்யம் பூட்டிய அதே நேரத்தில் நான் வீட்டில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டேன். அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. "கூட்டத்துல நின்னு தலைதலையாத்தான் பாத்திருக்கேன். ஆத்தா முகத்தை இவ்வளவு கிட்டக்க இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். திருக்கல்யாணத்துக்கு மொய் எழுதுவது எங்கள் ஊர் வழக்கம். அன்றைக்கு மொய்ப் பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். செப்டம்பர் 1ஆம் தேதி கோயில் திறந்தபோதும் வயதானவர்கள் வர வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், நான் கொண்டுபோய் உண்டியலில் சேர்த்தேன்.

இப்போது நன்றி. ஊரடங்குக்கே நன்றி, அது நமக்கு வாழக் கற்றுக்கொடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் சித்தப்பா அந்த ஜூலையில் போனார். கடைசியாக முகம் பார்க்கக்கூட எங்களை விடவில்லை. நோய்க்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். நாங்கள் வடகம் போட்டுச் சிரிக்க முடிந்தது என்றால், அதற்குச் சில மனிதர்கள் காரணம். நன்றி அவர்களுக்கு.

எங்கள் கடை முதலாளி மூன்று மாதமும் பாதிச் சம்பளம் போட்டுவிட்டார். வியாபாரமே இல்லாத நேரத்தில் அது பெரிய மனசு. பட்டறையில் ஒன்றும் வரவில்லை, அவர்களிடமும் இல்லை. அந்தப் பாதிச் சம்பளமும் ரேஷன் அரிசியும் இல்லையென்றால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அண்ணன் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. ஜூன் 24ஆம் தேதி மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு போட்டபோதும் வந்தார். ஆரம்பத்தில் அவரிடம் ஒரு துணி முகக்கவசம்தான் இருந்தது. என் தையல் மெஷினில் வெள்ளைப் பருத்தித் துணியில் சில தைத்துக் கொடுத்தேன். அவர் செய்ததற்கு அது ஒன்றுமே இல்லை.

அப்புறம் எங்கள் பூக்கார அக்கா. மல்லிகைக்குக் கோடைதான் வரத்து. அந்தக் கோடையில் கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, மாட்டுத்தாவணி பூச்சந்தையும் பூட்டிக் கிடந்தது. பூ செடியிலேயே கருகியது. அக்கா சோர்ந்துபோய் உட்காரவில்லை. அதே கூடையில் சிறுகீரையும் தண்டங்கீரையும் வைத்து விடியற்காலையில் தெருத்தெருவாக வந்தார். அத்தைக்குச் சர்க்கரை என்று தெரிந்து எங்கிருந்தோ முருங்கைக்கீரை ஒடித்து வந்து, காசு வாங்காமல் வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுப்பார். இப்போது மறுபடி பூ விற்கிறார். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு மட்டும் கீரை வருகிறது, இப்போது காசு வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்.