நவம்பர் பனியும் மலைச்சரிவும்: பிள்ளைகளை வெளியில் விட்டிருப்பவர்களுக்கு

சுவிஸின் கிராபுண்டன் மலைப்பகுதியில், பனிச்சறுக்குக்காரரை மேலே ஏற்றும் ஸ்கீ லிஃப்டில் 19 வருடம் வேலை செய்தேன். பனிச்சரிவு மீட்புப் பயிற்சியும் அங்கேதான் எடுத்தேன். இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். நவம்பர் பிறந்தால் பனிச்சரிவு பற்றிக் கேள்விகள் வரும். இந்த முறை வந்தவற்றுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன்.

மல்லாவியிலிருந்து ஒரு அம்மா: "மகன் சுவிஸில் ஸ்கீ கட்டி மலை ஏறுகிறவன். 'இப்ப முழங்கால் அளவுதான் பனி, பயப்படாதேங்கோ' என்கிறான். சரியா?"

இல்லை அம்மா. பனி குறைவாக இருப்பதுதான் பிரச்சினையே. அக்டோபரில் விழுந்த பனி, வடக்குப் பார்த்த நிழல் சரிவுகளில் கரையாமல் கிடக்கும். அடியில் நிலம் ஏறக்குறைய 0 பாகை. மேலே, வானம் தெளிந்த இரவில் கடுங்குளிர். பனி மெல்லிசு என்பதால் இந்த வித்தியாசம் முழுவதும் ஒரு சாண், இரண்டு சாணுக்குள் அடங்கிவிடுகிறது. நீராவி கீழிருந்து மேலே ஏற ஏற, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அள்ளிப் பார்த்தால் உருண்டை பிடிக்க வராது, சீனி மாதிரி விரலிடுக்கால் ஓடும்.

அதன்மேல் நவம்பரில் காற்றோடு கொட்டுகிற பனி பலகையாக இறுகும். ஒரு பலகையில் காய்ந்த நெல்லைப் பரப்பி, மேலே இன்னொரு பலகையை வைத்து மெல்லச் சரித்துப் பாருங்கள். மலையில் நடப்பதும் அதுதான். சறுக்குகிற பனி சிறிதாக இருந்தாலும், பனி மூடாத கற்களில் ஆளை மோதவைக்கும்.

வவுனியாத் தம்பி: "டிசம்பரில் சூரிச் அண்ணாவோடு போகப் போகிறேன். எந்தச் சரிவு ஆபத்து என்று எப்படித் தெரியும்?"

பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 பாகைக்கு மேல் செங்குத்தான இடத்தில்தான் உடைகின்றன. சரிவின் அளவை நிறத்தால் காட்டும் வரைபடங்கள் போனிலேயே உண்டு. குளிர்காலத்தில் டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு ஆபத்து அறிக்கை வெளியிடும். அதில் 5 படிகள். 3 என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்காதே. அதிகம் பேர் சாவது 3இல்தான்.

அப்புறம், காதைத் திறந்து வை. ஒரு நாள் நாங்கள் நின்ற இடம் "வும்" என்று அமுங்கியது. அரை அங்குலம்கூட இறங்கியிருக்காது, ஆனால் சத்தம் வயிற்றில் கேட்டது. என் ஸ்கீ நுனியிலிருந்து ஒரு வெடிப்பு நூல் பிடித்த மாதிரி ஓடியது. ஒருவரும் பேசவில்லை. வந்த தடத்திலேயே திரும்பினோம். அடியில் அந்தச் சீனிப் படை உடைந்த சத்தம் அது. கீழே தட்டையான இடத்தில் நின்றால்கூட, மேலே உள்ள சரிவை அது இழுத்துவிடலாம்.

முல்லைத்தீவிலிருந்து: "முன்னால் போனவர்களின் தடம் இருந்தால் பயமில்லைத்தானே?"

மீளக்குடியேறிய காலத்தில், மாடு போன தடம் இருக்கிறது என்று மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகைக்கு அப்பால் கால் வைத்தோமா? பத்துப் பேரைத் தாங்கிய சரிவு பதினோராவது ஆளுக்கு உடைந்திருக்கிறது.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அப்பா: "அங்கே உடனே ஹெலிகொப்டர் வருமாமே?"

வரும் ஐயா, 1414க்கு அடித்தால் புறப்படுவார்கள். ஆனால் புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். ஆகவே தோண்ட வேண்டியது பக்கத்தில் நிற்கும் கூட்டாளிதான். புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சமிக்ஞையால் காட்டும், உடம்போடு கட்டும் எல்விஎஸ் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒரு கருவியைப் பையில் போட்டுப் புதைத்து, தேடிப் பழகச் சொல்லுங்கள். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடக்கட்டும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

பரந்தனிலிருந்து: "மகள் ஸ்கீ ஓட்டப் பாதையில் மட்டும்தான் ஓடுவாள்."

திறந்த பாதை என்றால் கவலை வேண்டாம், அதைக் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள். லிஃப்ட் ஓடத் தொடங்குமுன் அதே பாதையில் நடந்து ஏறுவதுதான் வேறு கதை. மேலே தொங்குகிற பனியை அப்போது யாரும் வெடிவைத்து இறக்கியிருக்க மாட்டார்கள். திறந்தாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.