வாய்மொழியாக நீட்டித்த ஒப்பந்தம் செல்லுமா?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் உற்பத்தி நிறுவனத்துக்கு விலைப்பட்டியல், விளம்பர வடிவமைப்பு வேலைகளை ஃப்ரீலான்சராக, மாதம் 40,000 ரூபாய்க்குச் செய்துவந்தேன். ஓராண்டு ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிந்தது. "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, ஏப்ரல்ல இருந்து 48,000 போட்டுக்கலாம், பேப்பர் பின்னால வரும்" என்று மார்க்கெட்டிங் மேலாளர் தொலைபேசியில் சொன்னார். இரண்டு மாத வேலையை ஒப்படைத்த பிறகும் கணக்குப் பிரிவு பழைய தொகையையே அனுப்பியிருக்கிறது. இதனிடையே வேறொரு நிறுவனம் மாதம் 42,000 ரூபாய்க்கு ஓராண்டு ஒப்பந்தத்தை எழுத்திலேயே தர முன்வந்துள்ளது. வாய்ச்சொல்லை நம்பி இங்கேயே தொடரலாமா? (வாசகி, கோவை)

பதில்: முத்திரைத்தாளில் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேறு சட்டம் எழுத்தை வற்புறுத்தாத இடங்களில், மனமொப்பிப் பேசி முடித்ததும் ஒப்பந்தமே. ஆனால் உங்கள் விஷயத்தில் செய்து முடித்த வேலை, உயர்த்தப்பட்ட தொகை, வரப்போகும் ஓராண்டு ஆகிய மூன்றும் ஒரே வலுவுடையவை அல்ல.

செய்து முடித்த வேலைக்குப் பாதுகாப்பு உண்டு. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 70-ஆம் பிரிவு.

கூடுதல் 8,000 ரூபாய்தான் சிக்கலானது. மேலாளர் அப்படிச் சொன்னார் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். நிறுவனமோ, தொகையை உயர்த்த அவருக்கு அதிகாரமே இல்லை என்று வாதிடலாம். பழைய ஒப்பந்தத்தில் "மாற்றங்கள் எழுத்து மூலமே செல்லும்" என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, ஏப்ரல், மே மாத இன்வாய்ஸ்களில் எந்தத் தொகையைக் குறிப்பிட்டீர்கள்? பழக்கதோஷத்தில் 40,000 என்று போட்டிருந்தால், எதிர்த்தரப்புக்கு வேறு சாட்சியே வேண்டாம். 48,000 என்று போட்டிருந்தால், வந்த பணத்தைப் பகுதித் தொகையாக மட்டுமே ஏற்றுக்கொண்டதாகவும் மீதி பாக்கி என்றும் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசிய நாளையும் சொன்ன தொகையையும் அதில் குறிப்பிடுங்கள். வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடாமல் அந்தக் கைபேசியையும் பத்திரப்படுத்துங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக வைக்கும்போது சான்றிதழும் இணைக்க வேண்டும். பணம் கேட்டு வழக்குத் தொடரப் பொதுவாக மூன்றாண்டு அவகாசம் உண்டு.

குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு உங்களுக்கு இல்லையென்றால் உடனே செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்பவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். பதிவுக்கு முன் செய்த வேலைக்கு இச்சலுகையை நம்பியிருக்க வேண்டாம்.

வரப்போகும் ஓராண்டைப் பொறுத்தவரை உங்கள் கையில் எதுவும் இல்லை. எத்தனை மாதம், எப்படி விலகுவது என்று எதுவும் பேசப்படாத நிலையில், நிறுவனம் ஜூலையில் உங்களை நிறுத்தினாலும் அதுவரை செய்த வேலைக்கான பணத்தைத்தான் கேட்க முடியும். ஆண்டு முழுதும் வேலை கொடு என்று நீதிமன்றம் உத்தரவிடாது. 48,000-க்கும் 42,000-க்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 72,000 ரூபாய், அதாவது 48,000 வீதம் ஒன்றரை மாத வருமானம். அவ்வளவு காலம் வேலையின்றி இருந்தாலே அந்த லாபம் கரைந்துவிடும். எனவே ஒரு வாரக் கெடு வைத்துக் கையெழுத்தான தாளைக் கேளுங்கள். வராவிட்டால் 42,000-ஐ ஏற்பதே சரி என்பது என் கருத்து. ஆனால் அந்தத் தாளிலும் விலகல் ஷரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 15 நாள் அறிவிப்பில் முறித்துக்கொள்ளலாம் என்றிருந்தால், ஓராண்டு ஒப்பந்தம் என்ற பெயரில் உங்களுக்குக் கிடைப்பது 15 நாள் உத்தரவாதம்தான். பிற வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யத் தடை இல்லையென்றால், இரண்டையும் சேர்த்தே செய்ய முடியுமா என்றும் யோசியுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் முடிந்த பின் வேறு யாராவது வாய்ப்புத் தந்தால், அதே தொகைக்கு என்னைத் தக்கவைத்துக்கொள்ளும் முதல் உரிமை பழைய நிறுவனத்துக்கு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். இது என்னைக் கட்டுப்படுத்துமா? (வாசகர், மதுரை)

பதில்: கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய விளம்பர வாய்ப்புகளைக் கவனித்துவந்த நிறுவனத்துக்கும் இடையே இதே போன்ற ஷரத்தின் மீதுதான் வழக்கு நடந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளும் இத்தகைய கட்டுப்பாட்டை ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை என்று கூறி, 2006-இல் உச்ச நீதிமன்றம் அதை அமல்படுத்த மறுத்துவிட்டது. ஒப்பந்தம் நடப்பில் உள்ளபோது விதிக்கும் தடைக்கும், நிறுவன ரகசியங்களை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனைக்கும் இந்தத் தீர்ப்பைக் காட்டித் தப்ப முடியாது.