மிளகு எடையும் தீர்ப்பு நாளும்: வாசகர் கேள்வி, சட்டப் பதில்

கேள்வி: எஸ்டேட்டில் மிளகு திருடியதாக என் தங்கை மகன் (வயது 20) மீது வழக்கு. கொடியிலிருந்து பறித்த 11 கிலோ பச்சை மிளகு, மதிப்பு ரூ.6,600 என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. "ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால் ஒரே வாய்தாவில் முடிந்துவிடும்" என்கிறார்கள். கட்டிவிடலாமா?
- ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். அபராதமும் தண்டனைதான். குற்றத்தீர்ப்பு பதிவாகிவிடும். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) பிரிவு 303(2)-இன்படி முதல் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதே பிரிவில் இரண்டாவது முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஓராண்டு கடுங்காவல்; மாஜிஸ்திரேட்டே நினைத்தாலும் குறைக்க முடியாது. இன்று ஒரே வாய்தாவில் முடிந்தது நாளை அவன் கழுத்தில் வந்து நிற்கும்.

முதலில் எடையைப் பாருங்கள். மதிப்பு ரூ.5,000-க்குக் கீழே, முதல் தண்டனை, பொருளோ அதன் மதிப்போ உரியவருக்குத் திரும்பிவிட்டது என்றால் தண்டனை சமூக சேவைதான், சிறை இல்லை. அந்த வகைத் திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணையே செய்ய முடியாது. உங்கள் கணக்கில் 11 கிலோவுக்கு 6,600 என்றால் கிலோ 600 ரூபாய். அது காய்ந்த மிளகுக்குப் போடும் விலை மாதிரி இருக்கிறது. பச்சை மிளகு காய்ந்தால் மூன்றில் ஒரு பங்குதான் நிற்கும். 11 கிலோ காய்ந்தால் நாலு கிலோகூடத் தேறாது. அதே விலை போட்டாலும் 2,400 ரூபாயைத் தாண்டாது. மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதும் பதிவில்) 'பச்சை' என்று இருக்கிறதா, காம்போடு நிறுத்தார்களா, விலையை யார் சொன்னது என்பதையெல்லாம் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது வக்கீல் கேட்க வேண்டும். மலையில் மிளகு வாங்கும் எந்த வியாபாரிக்கும் இந்தக் கணக்கு தெரியும்; கோர்ட்டில்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒன்று: கொடியில் பறிக்காமல் குடோனிலிருந்து எடுத்ததாக வழக்கு என்றால் அது பிரிவு 305, 7 ஆண்டு வரை போகும், இந்தச் சலுகை பொருந்தாது.

அடுத்தது 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். குற்றம் நிரூபணமானாலும் சிறைக்கு அனுப்பாமல், எச்சரித்தோ (பிரிவு 3) அதிகபட்சம் 3 ஆண்டுக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியோ (பிரிவு 4) விடலாம். 21 வயதுக்குக் கீழே இருந்தால் பிரிவு 6 கைகொடுக்கும்: நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெறாமல் சிறைத் தண்டனை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் காரணத்தை எழுத வேண்டும். வயதைக் கணக்கிடுவது திருடிய நாளில் அல்ல, கோர்ட் தண்டனையை முடிவு செய்யும் நாளில். 20 வயதுப் பையனுக்கு வாய்தா இழுக்க இழுக்க இந்தப் பாதுகாப்பு கரைகிறது. அப்புறமும் பிரிவு 4 கேட்கலாம், ஆனால் அறிக்கை கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விடும்.

குற்றவாளி என்று தீர்மானித்ததும் "தண்டனை பற்றி என்ன சொல்கிறாய்?" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். "ஏழைங்க ஐயா, பாத்து குறைச்சுக் குடுங்க" என்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நன்னடத்தைச் சட்டத்தின்படி விடக் கோரும் மனு கையில் தயாராக இருக்க வேண்டும். கூடவே ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், வேலை கொடுப்பவரின் கடிதம். அவனுக்கோ ஜாமீன்தாரருக்கோ அந்தக் கோர்ட் எல்லைக்குள்ளோ, பத்திரக் காலத்தில் அவன் தங்கப்போகும் இடத்திலோ நிலையான வீடோ வேலையோ இருக்க வேண்டும். பல மனுக்கள் இங்கேதான் சறுக்குகின்றன: பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பான், அலுவலர் விசாரிக்க வரும்போது வீடு பூட்டியிருக்கும். பத்திரத்தை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை வரலாம். முதல் மீறலுக்கு 50 ரூபாய் அபராதத்தோடும் விடலாம். 1958-இல் போட்ட தொகை, இன்று ஏற்காட்டில் ரெண்டு காபிக்குக் காணாது!

பிரிவு 3 அல்லது 4-இல் விடுபட்டவருக்குக் குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது பிரிவு 12. அபராதத்துக்கும் சமூக சேவைக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் மதிப்பு 5,000-க்குக் கீழே வந்தாலும் முதலில் நன்னடத்தையைக் கேளுங்கள், சமூக சேவை அடுத்தபடி. வேலை விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் மறைக்கக் கூடாது. மறைத்ததே வேலையைப் பறிக்கும். காவல்துறை மாதிரிச் சீருடைப் பணிகளில் பிரிவு 12 இருந்தும் மறுப்பதுண்டு.

கேள்வி: என் கணவர் 303(2) வழக்கில் 13 மாதமாகச் சேலம் மத்திய சிறையில் ரிமாண்டில் இருக்கிறார். இதுதான் முதல் வழக்கு. ஜாமீன் கேட்கக் காசில்லை.
- ஒரு வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: அதிகபட்ச தண்டனை 3 ஆண்டு. இதற்கு முன் தண்டனை பெறாதவர் அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது ஓராண்டை, விசாரணைக் கைதியாகக் கழித்திருந்தால் பத்திரத்தின் பேரில் விட வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) பிரிவு 479. நாள் நிறைந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தடை ஒன்று உண்டு: அவர் பெயரில் இன்னொரு வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது. பழைய வழக்கு ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், 15100-க்கும் அழைக்கலாம். ரிமாண்ட் தேதி, வழக்கு எண், சட்டப் பிரிவு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஜாமீன் கிடைத்தும் ஆள் ஜாமீன் கொடுக்க முடியாமல் 7 நாளில் வெளியே வரவில்லை என்றால், சிறையிலிருந்தே அந்த ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 உத்தரவு.

கேள்வி: சமூக சேவை என்றால் எத்தனை நாள்? யார் மேற்பார்வை?
- ஒரு வாசகர், சுவர்ணபுரி, சேலம்

பதில்: சட்டத்தில் இல்லை. சமூகத்துக்குப் பயன்படும், ஊதியமில்லாத வேலை என்று மட்டும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. இங்கிலாந்தில் 40 மணி நேரத்திலிருந்து 300 வரை என்று எல்லை வைத்திருக்கிறார்கள். இங்கும் அப்படி ஒன்று எழுதினால்தான் ஒரே குற்றத்துக்கு ஒருவருக்கு இரண்டு நாள், இன்னொருவருக்கு இரண்டு மாதம் என்று ஆகாது. அதுவரை, உத்தரவு போடும்போதே எந்த இடம், எத்தனை மணி நேரம், வேலை முடிந்ததற்கு யார் சான்று தருவார் என்ற மூன்றையும் எழுதித் தரும்படி வக்கீல் கேட்க வேண்டும். கடைசியானது விடுபட்டால் ஆஸ்பத்திரி வளாகத்தைக் கூட்டி முடித்தவர், கையெழுத்துக்காக மேஜை மேஜையாக அலைய வேண்டியிருக்கும்.