நெருக்கினால் எல்இடி மங்குகிறது: சுருளில் பழுதில்லை

ஏற்காடு நண்பரே, கம்பியில்லாமல் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மின்திறன் அனுப்ப 100 கிலோஹெர்ட்ஸில் இசைவித்த இரு சுருள்கள், 10 செ.மீ. தள்ளி வைத்தால் பெறும் சுருளின் எல்இடி நன்றாக எரிகிறது, 3 செ.மீ.க்கு நெருக்கினால் மங்குகிறது என்கிறீர்கள். பிணைப்பு (ஒரு சுருளின் காந்தப்புலம் மற்றதை எட்டும் அளவு) ஓரளவைத் தாண்டினால் ஒத்ததிர்வு உச்சி, அதாவது திறன் மிகுதியாகக் கடக்கும் அதிர்வெண், இரண்டாகப் பிரியும். நீங்கள் அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஓட்டுகிறீர்கள், அவ்வளவுதான். நெருக்கி வைத்தபடியே அதிர்வெண்ணை 80-இலிருந்து 130 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்துங்கள். இரண்டு இடத்தில் வெளிச்சம் கூடுவதைப் பார்ப்பீர்கள்.

ஆனால் வெளிச்சத்தை வைத்துத் திறனைக் கணக்கிட முடியாது. சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவையும் இந்த அதிர்வெண்ணில் நம்பாதீர்கள். எல்இடியைக் கழற்றிவிட்டு, ஷாட்கி டயோடு பாலம் (ஏசியை டிசியாக்கும் நான்கு வேக டயோடுகள்), ஒரு மின்தேக்கி, 100 ஓம் மின்தடை போடுங்கள். (1என்4007 என்ற சாதாரண டயோடு வேண்டாம், இந்த வேகத்துக்கு அது சோம்பேறி.) இப்போது டிசி வோல்ட்டை அளக்கலாம்: 5 வோல்ட் வந்தால் 0.25 வாட். உள்ளே போவது, மின்வழங்கியின் வோல்ட் பெருக்கல் ஆம்பியர். இதில் டிரைவர் (முதல் சுருளை ஓட்டும் சுற்று) இழப்பும் சேரும் என்பதால் வெளியே வருவதற்கும் உள்ளே போவதற்குமான விகிதம் குறைவாக வந்தால் சுருளைக் குறை சொல்லாதீர்கள். 100 ஓமோடு நிற்காமல் 47, 220 என்றும் மாற்றிப் பாருங்கள். சுமை மாறினால் சிறந்த இடைவெளியும் மாறும்.

அப்புறம், சேலத்தில் வாங்கிய இரும்பு மேசை என்றீர்களே, முதலில் அதை விட்டு மரப்பலகைக்கு மாறுங்கள். இரும்புக்குள் தூண்டப்படும் சுழல் மின்னோட்டமாகவே கொஞ்சம் திறனை அது தின்றுவிடும், இசைவையும் நகர்த்தும்.