வாயில் ரவை போல வருகிறதே, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 54. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நான்கு நாட்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி, அந்தக் குழியில் எலும்புத் துகளை நிரப்பித் தையல் போட்டார்கள். பின்னால் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) பொருத்துவார்களாம். முதல் நாளைவிட மூன்றாம் நாள் கன்னம் அதிகமாக வீங்கியது. நாக்கில் ரவை போல வெள்ளைத் துகள் தட்டுப்படுகிறது. வைத்ததெல்லாம் வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை. மாமியார் நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொல்கிறார். சாப்பிட பயந்து இளநீரிலேயே நாளை ஓட்டுகிறேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் விடவில்லை. இன்னொன்று: நாங்கள் சைவம். வைத்தது மாட்டு எலும்பு என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, துகளைப் பற்றிப் பிறகு பேசலாம். என்னைப் பதற வைத்தது இளநீரும் மாத்திரையும்தான். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும், வயிற்றில் உணவு இல்லாதபோது சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். சர்க்கரை ஏறினாலும் புண் ஆறாது.

சாப்பிட்டே ஆகவேண்டும். பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வேகவைத்து, மசித்து, வெதுவெதுப்பாக ஆற்றிச் சாப்பிடுங்கள். கேழ்வரகுக் கூழ், மோரில் ஊறிய இட்லி, உதிர்த்த பனீர் எல்லாம் நல்லது. சதை வளரப் புரதம் வேண்டும். இளநீரில் அது கிடைக்காது. காரமும் கொதிக்கிற சூடும் இப்போது வேண்டாம். எள், கசகசா, வேர்க்கடலை, முறுக்கு ஆகியவற்றைப் பல மருத்துவர் சொல்லும்வரை மறந்துவிடுங்கள். சிறிய துணுக்கு தையலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு.

இனி உங்கள் ரவைக்கு வருகிறேன். முதல் சில நாட்களில் ஓரிரு துகள்கள் வெளியே வருவது வழக்கம். குழி நிறைய வைத்ததில் மேலாக நிற்பவைதான் அவை. கைநிறைய வந்தாலோ, மேலே மூடிய சவ்வு கழன்று வந்தாலோ மட்டும் உடனே மருத்துவரிடம் போங்கள். அந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது உறைந்த இரத்தம். அந்த உறைவு கலையாமல் இருந்தால்தான் உங்கள் சொந்த எலும்பு அதற்குள் வளர்ந்து வரும். அதனால் துப்பக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, நாக்கால் தடவிப் பார்க்கவும் கூடாது.

என் அம்மாவுக்கு 67 வயதில் இதே சிகிச்சை நடந்தது. வெற்றிலை போட்டுப் பழகிய வாய் என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துப்பிக்கொண்டே இருந்தார். இரவு 11 மணிக்குத் தலையணை உறையெல்லாம் இரத்தம். ஈரத் துணியை மடித்து வைத்து, கடித்துக்கொண்டே இருக்கச் சொல்லி, அரை மணி நேரம் அவர் தாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நின்றது. மகளே பல் மருத்துவராக இருந்தும், "துப்பாதீர்கள், எச்சிலை விழுங்குங்கள்" என்பதை அழுத்திச் சொல்லத் தவறியிருக்கிறேன். அன்றிலிருந்து, என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

எண்ணெய் கொப்பளிப்பதும் இதே காரணத்தால் இப்போது வேண்டாம். வாயை இழுத்து இழுத்து உலுக்குகிற வேலை அது. உங்கள் மாமியாரின் அக்கறையைப் புண்படுத்தாமல், உப்புநீர் தயாரித்துத் தரும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதும். வாயில் நிரப்பி, தலையை மெல்லச் சாய்த்து, பிறகு தொட்டியின் மேல் குனிந்து வாயைத் திறந்தால் தானே விழும். சிகிச்சை முடிந்து 24 மணி நேரம் கழித்து, உணவுக்குப் பின் இதைச் செய்யலாம்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். உங்களுக்கு நடந்தது இயல்பானதே. துணியில் சுற்றிய ஐஸ் முதல் இரண்டு நாளுக்குத்தான் உதவும். தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். நான்காம் நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல், சீழ், கெட்ட நாற்றம் வந்தால், கீழுதட்டு மரப்பு போகாமலே இருந்தால் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும். இந்தப் பதில் அச்சேறுவதற்குள் உங்கள் தையலைப் பிரித்திருப்பார்கள்; ஆனால் கன்னத்தில் ஐஸுடன் இதைப் படிக்கிற யாரோ ஒருவருக்காகவும் எழுதுகிறேன். உள்ளே எலும்பு கெட்டிப்பட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதற்கு முன் இம்ப்ளான்ட்டுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

மாட்டு எலும்பா என்று கேட்டீர்கள். இருக்கலாம். நோயாளியின் சொந்த எலும்பு, தானமாகப் பெற்ற மனித எலும்பு, மாட்டு எலும்பு, கால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைப் பொருள் ஆகிய எல்லாமே பயன்பாட்டில் உள்ளன. மாட்டு எலும்பாக இருந்தால், உயிர்ப்பொருளை நீக்கிக் கனிமத்தை மட்டும்தான் எடுத்திருப்பார்கள். ஆனாலும் இதை முன்பே உங்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். சொல்லாதது மருத்துவர் பக்கத்துத் தவறு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வைத்த பொருளின் பெயர் அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதை உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள்.