சிறையிலிருந்து வழக்கு: நீதிமன்றக் கட்டணம் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கைதிகள் தொடுக்கும் உரிமை வழக்குகள் பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: தம்பி அங்கே கூட்டாட்சிச் சிறையில் இருக்கிறான். கையில் காசில்லை. கட்டணமின்றி வழக்குப் போடலாமா ஐயா?

பதில்: வழக்குப் போடலாம், ஆனால் கட்டணத்திலிருந்து தப்ப முடியாது. வெளியிலிருக்கும் ஏழைக்கு நீதிமன்றம் கட்டண விலக்கு தரலாம். கைதிக்கு அந்த வழியை 1996-ஆம் ஆண்டுச் சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம் அடைத்துவிட்டது. ஏழை என்று நிரூபித்தாலும் 350 டாலரைத் தவணையில் கட்டியாக வேண்டும்.

கடந்த 6 மாதங்களில் சிறைக் கணக்குக்கு வந்த மாதச் சராசரி வரவு, சராசரி இருப்பு இரண்டில் எது அதிகமோ அதில் 20 சதவீதம் முதல் தவணை. நீங்கள் மாதம் 40 டாலர் அனுப்பி, வேறு வரவு இல்லாமல், சராசரி இருப்பும் அதைத் தாண்டவில்லையென்றால் 8 டாலர். அதன்பின் இருப்பு 10 டாலரைத் தாண்டும்போதெல்லாம், முந்தைய மாத வரவில் 20 சதவீதத்தைச் சிறை நிர்வாகமே பிடித்து அனுப்பும். கூட்டாட்சிச் சிறைகளில் சாதாரண வேலைக்கு மணிக்கு 12 முதல் 40 சென்ட்தான் கூலி. 40 சென்ட் வாங்குபவரே 875 மணி நேரம் உழைத்தால்தான் 350 டாலர் சேரும். வழக்குத் தோற்றாலும் பிடித்தம் நிற்காது.

கணக்கில் ஒன்றுமே இல்லை என்பதற்காக வழக்கைத் தடுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. முக்கியமாக, சிறைக்குள்ளேயே புகார் கொடுத்து, உள் மேல்முறையீடுகளையும் முடித்த பிறகுதான் நீதிமன்றம் போக வேண்டும். அந்த உள் புகாருக்கான கெடு தவறினால் வழக்குத் தள்ளுபடியாகலாம், பணமும் போயிற்று.

கேள்வி: இரண்டு வழக்குகள் இருந்தால்?

பதில்: ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 20 சதவீதம். 2016-இல் புரூஸ் எதிர் சாமுவேல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஐந்து வழக்குகள் என்றால் மாத வரவு முழுவதும் போகலாம்.

கேள்வி: ஏழைக் கைதிக்குக் கட்டணம் உண்டா?

பதில்: உண்டு. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வேர்க்கடலை வெண்ணெய் மாறி வந்ததற்கெல்லாம் வழக்குப் போட்டார்களே, கட்டணம் நியாயம்தானே?

பதில்: இந்தக் கதையையும் சொல்லித்தான் அந்த 1996 சட்டத்தை நிறைவேற்றினார்கள். மேல்முறையீட்டு நீதிபதி ஜான் நியூமன் வழக்குக் கட்டைப் பார்த்து உண்மையை எழுதினார். சிறைக் கடையிலிருந்து தவறான வகை வந்தது. காவலர் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுநாள் சரியானது வரும் என்றார். அன்றிரவே கைதியை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். பொருளும் வரவில்லை, பிடித்த 2.50 டாலரும் திரும்பவில்லை. அதற்குத்தான் வழக்கு.

கேள்வி: அப்படியே இருந்தாலும் 2.50 டாலருக்குக் கூட்டாட்சி நீதிமன்றமா?

பதில்: மணிக்கு 12 சென்ட் வாங்குபவருக்கு அது 20 மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அற்ப வழக்கு என்று நீங்கள் கருதினாலும், கட்டணம் அற்ப வழக்கை மட்டும் தேடிப் பிடிப்பதில்லை. மருந்து மறுக்கப்பட்டவரும் அடிபட்டவரும் அதே 350 டாலரைத்தான் கட்டுகிறார்கள்.

கேள்வி: புழல் சிறையில் இருப்பவருக்கு?

பதில்: அது வேறு சட்டம். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.

கேள்வி: தோற்றால் திருத்தி மறுபடி போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: அவசரப்படாதீர்கள். அற்பமானது, தீய நோக்கமுடையது அல்லது சட்டப்படி நிற்காதது என்று மூன்று முறை தள்ளுபடியானால் தவணைச் சலுகை போய்விடும். உடனடியான கடும் உடற்காய ஆபத்து இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. மறுபடி தாக்கல் செய்யலாம் என்று அனுமதித்த தள்ளுபடியும் கணக்கில் சேரும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள் புகார் நகல்களைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.